டெலிவரி வேலையில சேரப் போறீங்களா? முதல்ல உங்க பைக்குக்கு ஒரு சம்பளம் போடுங்க



போன வருஷம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் சித்தி பையன் போன் பண்ணினான். "அக்கா, பைக் என்ஜின் போயிடுச்சு. மெக்கானிக் 11,500 கேக்குறார். என் அக்கவுண்ட்ல 1,900 தான் இருக்கு."

அவன் ஒரு சின்ன கம்பெனியில பில்லிங் வேலை பார்த்துட்டு இருந்தவன். கையில 15,500 வாங்கிட்டு இருந்தான். அதை விட்டுட்டு அம்பத்தூர் பக்கம் ஒரு ஹப்ல பார்சல் டெலிவரிக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. மாசம் 23,000-க்கு மேல அக்கவுண்ட்டுக்கு வருதுன்னு வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். "அப்புறம் ஏன்டா 1,900 தான் இருக்கு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "தெரியலக்கா. இதுக்கு நடுவுல லோன் ஆப்ல வேற 10,000 எடுத்தேன். கையில 8,600 தான் வந்துச்சு."

மறுநாள் ஞாயித்துக்கிழமை. ஒரு நோட்டு, கால்குலேட்டர், அவனோட பேஅவுட் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துட்டு உக்காந்தோம். அன்னைக்குப் போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. வேலையை விட்டுட்டு முழு நேரமா டெலிவரிக்குப் போக யோசிக்கிறவங்க, ஆஃபீஸ் முடிஞ்சு சாயங்காலம் பார்ட் டைமா பண்ணலாம்னு நினைக்கிறவங்க, தம்பியோ நண்பனோ அடுத்த வாரம் சேரப் போறாங்கன்னு இருக்கிறவங்க, எல்லாருக்கும் இது பொருந்தும். நிதானமா படிங்க.

1. அக்கவுண்ட்டுக்கு வர்றது வருமானம் இல்ல, வசூல்

சம்பளக்காரங்களா இருந்து நமக்கு ஒரு பழக்கம். மாசக் கடைசியில அக்கவுண்ட்ல என்ன விழுதோ அதுதான் நம்ம பணம். டெலிவரியில அப்படிக் கிடையாது. அங்க நீங்க ஒரு சின்ன வியாபாரி. பைக் உங்களோடது, பெட்ரோல் உங்களோடது, டயர் உங்களோடது. வர்ற பணம் அந்த வியாபாரத்தோட வசூல். கடைக்காரர் கல்லாவுல விழுற பணம் மொத்தத்தையும் லாபம்னு நினைச்சா என்ன ஆகுமோ, அதுதான் என் தம்பிக்கும் ஆச்சு.

அவன் கணக்கைக் கொஞ்சம் முழு எண்ணா மாத்திச் சொல்றேன். உங்க ஊர், உங்க ரேட் வேறயா இருக்கலாம். முறை ஒண்ணுதான்.

ஒரு பார்சலுக்கு 14 ரூபாய். ஒரு நாளைக்கு 65 பார்சல். அப்போ 910 ரூபாய். மாசம் 26 நாள் போனா 23,660 ரூபாய். இதுதான் வசூல்.

இப்போ செலவு. வீட்ல இருந்து ஹப், ஹப்ல இருந்து ரூட், திரும்ப வீடு. எல்லாம் சேர்த்து நாளைக்கு 70 கிலோமீட்டர். மாசத்துக்கு 1,820 கிலோமீட்டர். நின்னு நின்னு போற ஓட்டத்துல மைலேஜ் 45-ன்னு வைங்க. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய்னு வச்சா மாசம் 4,085 ரூபாய். கிலோமீட்டருக்கு சுமார் 2 ரூபாய் 25 பைசா.

பெட்ரோல் செலவு எல்லாருக்கும் தெரியும், ஏன்னா அது தினமும் கண்ணுல படும். அடுத்தது கண்ணுல படாத செலவு: பைக் தேய்மானம்.

- ஆயில், ஜெனரல் சர்வீஸ்: 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை 1,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 33 பைசா.
- ரெண்டு டயர்: 3,800 ரூபாய், 25,000 கிலோமீட்டர் வரும். 15 பைசா.
- செயின் ஸ்ப்ராக்கெட்: 1,500 ரூபாய், 20,000 கிலோமீட்டர். 7 பைசா.
- பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பஞ்சர், பல்பு: 10 பைசா.
- புது பைக்: இன்னைக்கு 90,000-க்கு வாங்கின வண்டி 80,000 கிலோமீட்டர் ஓடினப்புறம் 30,000-க்குப் போகும்னு வைங்க. நடுவுல கரைஞ்சது 60,000. கிலோமீட்டருக்கு 75 பைசா.

கூட்டுங்க. 1 ரூபாய் 40 பைசா. மாசத்துக்கு 2,548 ரூபாய். இந்தப் பணத்தை யாரும் உங்ககிட்ட தினமும் கேக்க மாட்டாங்க. ஒரு நாள் மொத்தமா கேப்பாங்க. என் தம்பிகிட்ட மெக்கானிக் கேட்ட 11,500 அதுதான். எட்டு மாசமா அவன் ஆயில் மாத்துறதையே தள்ளிப் போட்டிருந்தான்.

போன் ரீசார்ஜ் 350 ரூபாயும் சேர்த்தா மொத்தச் செலவு 6,983. மிச்சம் 16,677 ரூபாய். ஒரு நாளைக்கு 10 மணி நேரம்னா மாசம் 260 மணி நேரம். மணிக்கு 64 ரூபாய்.

இப்போ பழைய வேலையைப் பாருங்க. கையில 15,500. அதோட பிஎஃப்-ல அவன் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. பஸ் பாஸ் 1,000-ஐக் கழிச்சா 18,100. இஎஸ்ஐ மருத்துவ வசதி, ஞாயிறு லீவு, பண்டிகை லீவு தனி. அதாவது, மாசம் 8,000 ரூபாய் கூட வருதுன்னு நினைச்சு மாறினவன் உண்மையில 1,400 ரூபாய் கம்மியா சம்பாதிச்சுட்டு இருந்தான். அதுவும் கூடுதல் மணி நேரம் உழைச்சு.

இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிப் போச்சு. ஆனா டெலிவரி வேலை மோசம்னு நான் சொல்ல வரல. அதே வேலையை அதே ஹப்ல இன்னொருத்தர் நல்ல லாபமா பண்ணலாம். வித்தியாசம் எங்க இருக்குன்னு அடுத்துப் பார்ப்போம்.

2. ஒரு கிலோமீட்டர் = 3 ரூபாய் 65 பைசா

பெட்ரோல் 2.25, தேய்மானம் 1.40. மொத்தம் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 65 பைசா. இந்த ஒரு எண்ணை மனசுல வச்சுக்கோங்க. உங்க வண்டிக்கு உங்க எண்ணைக் கண்டுபிடிச்சு பெட்ரோல் டேங்க் மேல ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டினாலும் தப்பில்ல.

ஏன்னா, கஸ்டமர் வீட்ல இல்ல, சாயங்காலம் திரும்பி வர்றீங்க, போக வர 4 கிலோமீட்டர்னு வைங்க. செலவு 14 ரூபாய் 60 பைசா. பார்சலுக்குக் கிடைக்கிறது 14. அந்தப் பார்சலை நீங்க கைக்காசு போட்டு டெலிவரி பண்ணியிருக்கீங்க!

அதனால முதல் வாரத்துல கத்துக்க வேண்டிய வேலைத் திறமை எல்லாமே கடைசியில கிலோமீட்டர் குறைக்கிற திறமைதான்:

கிளம்புறதுக்கு முன்னாடி அடுக்குங்க. ஹப்ல பார்சல் வாங்கினதும் அவசரமா பையில திணிக்காதீங்க. தெரு வாரியா பிரிங்க. கடைசியா போற தெரு பையோட அடியில, முதல்ல போற தெரு மேல. இதுக்கு 20 நிமிஷம் ஆகும். ரோட்ல ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

போறதுக்கு முன்னாடி கால் பண்ணுங்க. ஒரு தெருவுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஓரமா நிறுத்தி அந்தத் தெருவுல இருக்கிற நாலஞ்சு பேருக்கு கால் பண்ணிடுங்க. "சார், பார்சல் வந்திருக்கு, பத்து நிமிஷத்துல வரேன், வீட்ல இருக்கீங்களா?" அவ்வளவுதான். இல்லைன்னா வாட்ச்மேன்கிட்ட குடுக்கலாமா, பக்கத்து வீட்ல குடுக்கலாமான்னு அப்பவே கேட்டு, ஆப் அனுமதிச்சா மட்டும் அப்படிச் செய்யுங்க. வண்டி ஓட்டிட்டே பேசாதீங்க.

மேப்பை மட்டும் நம்பாதீங்க. சென்னையில பழைய நம்பர், புது நம்பர் ரெண்டும் இருக்கும். 12-ம் நம்பருக்குப் பக்கத்துல 47 இருக்கும். முதல் ரெண்டு வாரம் ஒரு சின்ன நோட்டுல எழுதி வைங்க: எந்த அபார்ட்மென்ட்ல பின் கேட் திறந்திருக்கும், எங்க லிஃப்ட் விட மாட்டாங்க, எந்தத் தெருவுல நாய்த் தொல்லை, எந்தக் கடைக்காரர் வழி சொல்லுவார். அயர்ன்காரர், பால் பூத், மளிகைக் கடை இவங்களுக்குத் தெரியாத வீடே கிடையாது. ஒரு வணக்கம் போட்டுப் பழகி வைங்க.

போகாமலே "கஸ்டமர் இல்லை"ன்னு போடாதீங்க. புதுசா வர்ற பசங்க சீனியர்கிட்ட கத்துக்கிற முதல் கெட்ட பழக்கம் இது. ஜிபிஎஸ், கால் ரெக்கார்டு எல்லாம் ஆப்ல பதிவாகுது. புகார் வந்தா இன்சென்டிவ் போகும், ஐடியே பிளாக் ஆகலாம்.

அவசரத்துக்கு விலை இருக்கு. தமிழ்நாட்டுல ஹெல்மெட் இல்லாம பிடிபட்டா அபராதம் 1,000 ரூபாய். அதாவது 71 பார்சலுக்கு மேல. ஒரு முழு நாள் உழைப்பு போச்சு. தலை தப்பிச்சதே லாபம்னு நினைக்கிற நிலைமை வந்தா அதுக்குக் கணக்கே கிடையாது.

3. சேர்றதுக்கு முன்னாடி இந்த ஆறு கேள்வி கேளுங்க

டெலிவரி வேலைன்னு ஒரே பேர் இருந்தாலும் உள்ள மூணு வகை. ஒண்ணு, கான்ட்ராக்டர் மூலமா மாசச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ உண்டு. ரெண்டாவது, வெண்டர் கீழ பார்சலுக்கு இவ்வளவுன்னு. மூணாவது, ஆப்ல நீங்களே ஸ்லாட் எடுத்து ஓட்டுறது. நீங்க எதுல சேர்றீங்கன்னு தெரியாம கையெழுத்துப் போடாதீங்க.

- எனக்குப் பணம் போடுறது யாரு? கம்பெனியா, வெண்டரா? வாரத்துக்கா, மாசத்துக்கா?
- பார்சல் ரேட் எவ்வளவு? ரிட்டர்ன் பிக்கப்புக்குத் தனி ரேட்டா? டெலிவரி ஆகாத பார்சலுக்கு ஏதாவது உண்டா?
- இன்சென்டிவ் எப்போ கிடைக்கும், எப்போ கட் ஆகும்?
- பார்சல் காணாம போனா, உடைஞ்சா யார் பொறுப்பு?
- விபத்துக் காப்பீடு உண்டா? ஆப்ல லாகின்ல இருக்கும்போது மட்டுமா, வீடு திரும்பும்போதும் உண்டா?
- என் ரூட் எந்த ஏரியா? வீட்ல இருந்து ஹப் எவ்வளவு தூரம்?

ரேட் கார்டை வாய்ப்பேச்சா விடாதீங்க. வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. ஆறாவது கேள்வி சாதாரணமா தெரியும். ஆனா 3 ரூபாய் 65 பைசா கணக்கு தெரிஞ்சவங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

இன்னொண்ணு. வேலை தரேன்னு சொல்லி முன்பணம் கேக்குற வாட்ஸ்அப் நம்பரை உடனே பிளாக் பண்ணுங்க. டீ-ஷர்ட், பைக்குன்னு ஹப்ல பணம் பிடிச்சா எவ்வளவு, எதுக்குன்னு ரசீதோட தெரியணும்.

4. கேஷ் ஆன் டெலிவரி பணம் உங்க பணம் இல்ல

என் தம்பி விழுந்த ரெண்டாவது குழி இது. ஒரு நாள் பெட்ரோலுக்குக் காசு இல்ல. பையில கஸ்டமர் குடுத்த 6,000 ரூபாய் கேஷ் இருக்கு. "200 ரூபாய் எடுத்துப்போம், சாயங்காலம் ஜிபே-ல இருந்து எடுத்து வச்சிடலாம்." வச்சிட்டான். அடுத்த வாரம் 500. அதுக்கு அடுத்து டீ, சாப்பாடு, நண்பனுக்குக் கைமாத்து. ஒரு நாள் ஹப்ல கணக்கு ஒப்படைக்கும்போது 4,200 ரூபாய் குறைஞ்சது. அந்த வாரப் பேஅவுட்ல பிடிச்சுக்கிட்டாங்க. வீட்டு வாடகைக்குப் பணம் இல்ல. லோன் ஆப் உள்ள வந்தது அப்போதான்.

அவன் திருடன் இல்ல. ரெண்டு பணத்தையும் ஒரே பாக்கெட்ல வச்சதுதான் அவன் செஞ்ச தப்பு. ஆனா ஹப்ல இருக்கிறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியம் இல்ல. பெரிய தொகையா இருந்தா போலீஸ் புகார் வரைக்கும் போகும்.

- கம்பெனி கேஷுக்குத் தனியா ஜிப் வச்ச பை. உங்க பர்ஸ் வேற. சில்லறை மாத்தக்கூட ரெண்டையும் கலக்காதீங்க.
- வீட்ல இருந்து 300 ரூபாய் சில்லறையோட கிளம்புங்க. அது உங்க சொந்தக் காசுன்னு நோட்டுல எழுதிடுங்க.
- கஸ்டமர் யுபிஐ பண்றேன்னு சொன்னா ஆப்ல வர்ற கியூஆர் மட்டும் காட்டுங்க. உங்க சொந்த ஜிபே நம்பருக்கு வாங்காதீங்க. அது கம்பெனிப் பணம் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்த பதிவு. நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா விளக்கம் சொல்ல வேண்டியது நீங்க.
- 500 ரூபாய் நோட்டை வாசல்லயே பார்த்து வாங்குங்க. கள்ள நோட்டு ஹப்ல தெரிஞ்சா நஷ்டம் உங்களுக்கு.
- காலையில லோடு எடுக்கும்போது எண்ணிக்கை சரிபார்த்து, ஒவ்வொண்ணும் ஸ்கேன் ஆனதைப் பார்த்த பிறகுதான் கிளம்பணும். கிழிஞ்ச கவர், நசுங்கின பெட்டி இருந்தா ஹப்லயே போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிடுங்க.

5. இன்சூரன்ஸ்: யாரும் சொல்லாத வரி

உங்க பைக் பாலிசியை எடுத்து "பயன்பாட்டு வரம்பு"ங்கிற பகுதியைப் படிங்க. சொந்த உபயோகத்துக்கான டூ வீலர் பாலிசியில, கூலிக்கோ வாடகைக்கோ ஓட்டுறதும், சொந்த லக்கேஜ் தவிர சரக்கு எடுத்துட்டுப் போறதும் அடங்காதுன்னு எழுதியிருக்கும். டெலிவரி பண்ணும்போது வண்டி அடிபட்டா கிளெய்ம் மறுக்க அது ஒரு காரணமா ஆகலாம். அதனால இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட டெலிவரிக்கு ஓட்டுறேன்னு உண்மையைச் சொல்லி, அதுக்கு ஏத்த பாலிசியோ கூடுதல் கவரோ உண்டான்னு எழுத்துல கேளுங்க. கொஞ்சம் பிரீமியம் ஏறலாம். பரவாயில்ல.

அடுத்து, வண்டி பாலிசியோட வர்ற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அது ஓனர்-டிரைவருக்கு மட்டும். ஆர்சி புக் அப்பா பேர்ல இருந்து நீங்க ஓட்டினா, உங்களுக்கு அது கிடையாது. நம்ம வீடுகள்ல பாதிப் பேர் அப்பா பைக்லதான் டெலிவரிக்குப் போறாங்க. அதனால உங்க பேர்ல தனியா ஒரு விபத்துக் காப்பீடு எடுங்க. விண்ணப்பத்துல தொழில் "டெலிவரி"ன்னே எழுதுங்க. கை கால் முறிஞ்சு வீட்ல இருக்கிற நாட்களுக்கு வாராவாரம் பணம் தர்ற வசதி அதுல இருக்கான்னு பாருங்க. நமக்கு மெடிக்கல் லீவு கிடையாது. ரெண்டு மாசம் கட்டுப் போட்டு உக்காந்தா வருமானம் பூஜ்யம்.

குறைஞ்சபட்சம் இதையாவது இன்னைக்கே பண்ணுங்க: உங்க பேங்க்ல பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஜீவன் ஜோதி பீமா திட்டம், வருஷத்துக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால மரணம்னாலும் 2 லட்சம். ரெண்டும் சேர்த்து 456 ரூபாய், 33 பார்சல் கூலி. நாமினி பேரைச் சரியா போடுங்க.

6. டிடிஎஸ்: உங்க பணம் அரசாங்கத்துகிட்ட இருக்கு

பேஅவுட் ஸ்டேட்மென்ட்ல 1% பிடிச்சிருப்பாங்க. பழைய சட்டத்துல இது 194சி பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம், அதுல பிரிவு எண் வேற. நமக்கு முக்கியம் எண் இல்ல, பணம்.

மேல சொன்ன கணக்குல வருஷ வசூல் 2,83,920 ரூபாய். அதுல 1% பிடிச்சா 2,839 ரூபாய். புதிய வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. அப்போ இந்த 2,839 முழுசா உங்களுக்குத் திரும்பி வரணும். ஆனா வருமான வரி ரிட்டர்ன் போட்டாதான் வரும். "எனக்குத்தான் வரியே இல்லையே, ரிட்டர்ன் எதுக்கு?"ன்னு விட்டுடறவங்க நிறைய. அது ஏறக்குறைய ஒரு வருஷத்து ஆயில் சர்வீஸ்ல அஞ்சுல ரெண்டு பங்கு.

ரெண்டு விஷயம் கவனிங்க. பான் நம்பர் குடுக்கலைன்னாலோ, பான் ஆதாரோட இணைக்காம செயலிழந்து இருந்தாலோ 1%-க்குப் பதிலா 20% பிடிப்பாங்க. சேர்ற அன்னைக்கே பான் நிலையைச் சரிபாருங்க. அப்புறம், வருமான வரி போர்ட்டல்ல 26ஏஎஸ் எடுத்துப் பார்த்து, உங்ககிட்ட பிடிச்ச தொகை உங்க பான்ல வரவு ஆகியிருக்கான்னு பாருங்க. வெண்டர் பிடிச்சிட்டுக் கட்டாம விட்டிருந்தா அங்கதான் தெரியும்.

ஆஃபீஸ் வேலையோட பார்ட் டைமா ஓட்டுறவங்களுக்கு: டெலிவரி வருமானம் சம்பளம் இல்ல, தொழில் வருமானம். அதனால நீங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 செல்லாது. உத்தேச லாப முறையில, டிஜிட்டலா வந்த வசூல்ல குறைஞ்சது 6% லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போடலாம். சம்பளத்தையும் அதே ஃபார்ம்ல காட்டலாம்.

இங்க ஒரு கண்ணி இருக்கு. சம்பளம் மட்டும் இருக்கிறவங்க பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அப்படி முடியாது. புதியதை விட்டுப் பழையதுக்குப் போனா, திரும்பி வர ஒரே ஒரு தடவைதான். வந்துட்டா தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழையதுக்குப் போக முடியாது. ஹோம் லோன், 80சி-ன்னு பழைய முறையில இருக்கிறவங்க, மாசம் 4,000 ரூபாய் கூடுதல் வருமானத்துக்காக ஸ்லாட் எடுக்குறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. அதே மாதிரி உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல "வேறு வேலை பார்க்கக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கான்னும் பாருங்க.

7. தீபாவளி மாசத்தை வச்சு இஎம்ஐ போடாதீங்க

தீபாவளிக்கு முன்னாடி பார்சல் குவியும். இன்சென்டிவ் ஏறும். "மாசம் 32,000 வருது"ன்னு புது பைக், புது போன் இஎம்ஐ-ல எடுக்கிற மாசமும் அதுதான். அப்புறம் பார்சல் குறையும். அதே சமயத்துல சென்னையில வடகிழக்குப் பருவமழையும் வந்து நிக்கும். மழையில நாள் போகும், தண்ணியில வண்டி நிக்கும். இஎம்ஐ மட்டும் தேதி தவறாம வரும்.

உங்க இஎம்ஐ-யை, உங்களுக்கு வந்ததிலேயே குறைஞ்ச மாச வருமானத்தை வச்சு முடிவு பண்ணுங்க. தீபாவளி மாசத்துக் கூடுதல் பணத்துல கை வைக்காம அவசர நிதியா போடுங்க. முதல் இலக்கு ஒரு மாச வீட்டுச் செலவு. அது சேர்ற வரைக்கும் எஸ்ஐபி, ஷேர்னு எதுவும் வேண்டாம். நம்ம சேனல்ல வாராவாரம் எஸ்ஐபி பத்திப் பேசுற நானே சொல்றேன்!

8. அரசாங்கப் பதிவு, இலவசம்தான்

தமிழ்நாடு அரசு 2023-ல இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குன்னு தனி நல வாரியம் அமைச்சது. அதுல பதிவு பண்ணி வைங்க. 2025-26 மாநில பட்ஜெட்ல, வாரியத்துல பதிவு செஞ்ச 2,000 பேருக்குப் புது மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிச்சாங்க. அட்டை கையில இருக்கிறவங்கதான் இந்த மாதிரி திட்டங்களுக்கு விண்ணப்பிக்க முடியும். மத்திய அரசோட இ-ஷ்ரம் போர்ட்டல்லயும் பதிவு பண்ணுங்க. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புல கிக் தொழிலாளர்னு சட்டப்படி ஒரு இடம் கிடைச்சிருக்கு. அதோட பலன் வரும்போது உங்க பேர் பட்டியல்ல இருக்கணும் இல்லையா?

சரி, இப்போ என்ன பண்ணணும்?

ஒரே ஒரு வேலை. இன்னொரு சேவிங்ஸ் அக்கவுண்ட் ஆரம்பிங்க, ஏடிஎம் கார்டை வீட்ல வச்சிடுங்க. அதுக்கு "பைக்"னு பேர் வைங்க. வாரப் பேஅவுட் விழுந்த அன்னைக்கே, அந்த வாரம் ஓட்டின கிலோமீட்டரை 1 ரூபாய் 40 பைசாவால பெருக்கி அதுல போடுங்க. வாரம் 420 கிலோமீட்டர்னா 588 ரூபாய். ஆயில், டயர், என்ஜின் எல்லாம் அந்தப் பணத்துல மட்டும். உங்களோட சேர்ந்து உழைக்கிற பார்ட்னர் உங்க பைக். அதுக்குச் சம்பளம் குடுக்காம நீங்க மட்டும் முழுசா எடுத்துக்கிட்டா, ஒரு நாள் அது ஸ்ட்ரைக் பண்ணும்.

என் தம்பி என்ன பண்ணினான்னு சொல்லி முடிக்கிறேன். முதல்ல லோன் ஆப் கடனை வீட்ல சொல்லி அடைச்சான். அதுவே அவனுக்குப் பெரிய விஷயம். அப்புறம் வீட்ல இருந்து 3 கிலோமீட்டர்ல இருந்த வேற ஹப்புக்கு மாத்தல் கேட்டான். ரெண்டு மாசம் கழிச்சுக் கிடைச்சது. பார்சல் ரேட் அதே 14 தான். ஆனா நாளைக்கு 70 கிலோமீட்டர் 52 ஆச்சு. 18 கிலோமீட்டர் மிச்சம், மாசம் 468 கிலோமீட்டர், சுமார் 1,700 ரூபாய். ஒரு பார்சல்கூட கூடுதலா குடுக்காம 1,700 ரூபாய் சம்பள உயர்வு!

போன மாசம் போன் பண்ணினான். "அக்கா, ரெண்டு டயரும் மாத்திட்டேன். பைக் அக்கவுண்ட்ல இருந்துதான்." குரல்ல அப்படி ஒரு பெருமை.

இந்த வாரம் உங்க வீட்டுப்பாடம்: ஏழு நாளைக்கு ஓடோமீட்டர் ரீடிங்கைக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு எழுதுங்க. உங்க 3 ரூபாய் 65 பைசா எவ்வளவுன்னு கண்டுபிடிங்க. புதுசா சேரப் போற நண்பர் யாராவது இருந்தா, அவர் சேர்றதுக்கு முன்னாடி இதைப் படிக்கக் குடுங்க.

பத்திரமா ஓட்டுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.